பயிற்சிக்கு மட்டும்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஐந்தாம் நம்பர் என்றால்தான் தெரியும். ஐந்தாம் நம்பர் ஜன்னலில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்தால் பின்னே என்ன ஆகும்? டீ கொண்டு வருகிறவர் "அஞ்சுக்கு ஒண்ணு" என்பார். அதிகாரி இண்டர்காமில் "அஞ்சு, உள்ளே வாங்க" என்பார். வாட்ச்மேன் வணக்கம் வைக்கும்போதுகூட "அஞ்சம்மா" என்றுதான் வைப்பார். அவளும் அதைப் பற்றி ஒன்றும் நினைத்ததில்லை. எதைப் பற்றித்தான் நினைத்தாள்?

அது நலத்துறை அலுவலகம். வயதானவர்கள், பேச்சு வராதவர்கள், கண் தெரியாதவர்கள், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் தங்கியிருக்கும் காப்பகங்கள் எல்லாம் அதன் கீழே வரும். யாரை எங்கே வைப்பது, யாரை எங்கே மாற்றுவது என்று பட்டியல் போடுவது மாடியில் இருக்கும் அதிகாரி. அந்தப் பட்டியலைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவர்களிடம் மனு வாங்குவது கீழே ஐந்தாம் நம்பர்.

ஆரம்பத்தில் அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் வருஷம் இரண்டு தடவை கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் மனுக்களைப் பின் அடித்துக்கொண்டிருந்தவள், தன் கட்டைவிரலிலும் சேர்த்து ஒரு பின்னை இறக்கிவிட்டாள். வலிக்கவே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியவர்தான், "அம்மா, ரத்தம்மா" என்று காட்டினார். அவள் பின்னைப் பிடுங்கிப் போட்டு, கறைபட்ட தாளை மாற்றிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றாள். மரத்துப் போவது என்றால் இப்படி ஒரு மரத்துப் போவது.

வீட்டில் அவள் புருஷன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். கை முழுக்க எண்ணெய், வாய் முழுக்கக் கிண்டல். அவள் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு எத்தனை பேரை அழ வச்சீங்க மேடம்?" என்று கேட்பார். தினமும் அதே கேள்வி. அவள் ஒரு எண்ணைச் சொல்லுவாள். நாலு, ஏழு, ரெண்டு. அவர் சிரிப்பார். அவள் சோறு வைக்கப் போவாள். வெளியூரில் படிக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "அம்மா சிரிச்சாளாப்பா இந்த வாரம்?" என்று அப்பாவிடம்தான் விசாரிப்பாள்.

இப்படி இருக்கையில்தான் மேலிடத்திலிருந்து பயிற்சி வந்தது. பொதுமக்களிடம், அதிலும் நாதியற்றவர்களிடம், அலுவலர்கள் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி, அவர்கள் உரிமையைக் காப்பது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி. வியாழக்கிழமை. அன்றைக்கு எல்லா ஜன்னலும் மூடல். வாசலில் "இன்று பயிற்சி. சேவை இல்லை" என்று ஒரு அட்டை. மக்களை மதிப்பது எப்படி என்று படிப்பதற்காக மக்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவள் முப்பது வயதுகூட ஆகாத பெண். பை நிறையக் கலர் பேனா. வந்து கால்மணி நேரத்தில் கடைசி வரிசைக்காரர்கள் அவளுக்குக் கலர் பேனா என்று பேர் வைத்துவிட்டார்கள். பாவம், நல்ல பெண். சொன்னதை நம்பிச் சொன்னாள். ஏழு படி என்று சுவரில் ஒட்டினாள். மனுதாரர் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். தன் பெயரைச் சொல்ல வேண்டும். நாற்காலி தர வேண்டும். முகம் பார்க்க வேண்டும். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்க வேண்டும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்க வேண்டும். கடைசியாக ரசீது கொடுத்து, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். முப்பது பேரும் ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி ஒப்பித்தார்கள். அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

பதினோரு மணிக்குப் பரீட்சை என்றாள் கலர் பேனா. நாடகக்குழுவிலிருந்து ஒரு நடிகை மனுவோடு வருவார். அவரை யாராவது ஒருவர் ஏழு படிப்படி வரவேற்று மனு வாங்க வேண்டும், மற்றவர்கள் பார்த்து மார்க் போட வேண்டும். நடிகையை அவளே நேரில் பார்த்ததில்லையாம், போனில் பேசி வைத்ததுதானாம். வாட்ச்மேனிடம், "வயசான அம்மா ஒருத்தங்க மனுவோட வருவாங்க, கேள்வி கேட்காம நேரா மாடிக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லியாகிவிட்டது. மேடையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, தண்ணீர், ஒரு ரசீதுப் புத்தகம், ஊதா மையில் ஒரு முத்திரை. முத்திரையில் "பயிற்சிக்கு மட்டும்" என்று இருந்தது. மேஜையில் உட்கார யாரும் முன்வரவில்லை. அதிகாரி திரும்பிப் பார்த்து, "அஞ்சு, நீங்க போங்க" என்றார். போனாள்.

சொல்லி வைத்த மாதிரி பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. வயதான அம்மா, கையில் மனு. சேலை முழங்கால்வரை நனைந்து காய்ந்திருந்தது, ரப்பர் செருப்பு, கையில் சோப்பும் டீசலும் கலந்த வாடை. என்னமாய் வேஷம் போட்டிருக்கிறாள் என்று பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள்.

ஐந்தாம் நம்பர் எழுந்து நின்றாள். "வாங்கம்மா" என்றாள். பிறகு தன் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது யாரோ ஒருத்தியின் பெயரைச் சொல்வதுபோல இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அந்த அம்மா நாற்காலியைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், நம்பாமல் நுனியில் உட்கார்ந்தாள்.

பஸ் டெப்போவில் பஸ் கழுவுகிறவளாம். ஒரே மகன், இருபத்தாறு வயது. பேச்சு கிடையாது, பார்வை பாதிதான். ஆறு வருஷமாக இந்த ஊர்க் காப்பகத்தில் இருக்கிறான். அவள் வேலை முடித்துத் தினமும் நடந்தே போய் ஒரு வேளை ஊட்டிவிட்டு வருவாள். இப்போது அவனை எட்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் காப்பகத்துக்கு மாற்றுவதாக நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆட்சேபம் சொல்ல இன்றைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணிவரை. டெப்போவில் நேரம் குறிக்கிறவர் மனுவை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"அவன் லேசுல சாப்பிட மாட்டாம்மா. கிண்ணத்து ஓரத்துல கரண்டியால ரெண்டு தடவை தட்டணும். டக், டக். அப்பத்தான் வாயைத் திறப்பான். இங்கே சமையல்காரம்மாவுக்கு அது தெரியும். அங்கே யாருக்குத் தெரியும்?"

ஐந்தாம் நம்பர் குறுக்கே பேசவில்லை. முகத்தைப் பார்த்தாள். முடித்ததும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். டெப்போ, மகன், இருபத்தாறு, எட்டு மணி நேரம், கரண்டி, இரண்டு தடவை. சரிதானாம்மா என்றாள். அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ரசீது எழுதி, ஊதா முத்திரை குத்திக் கொடுத்தாள். அதில் கையெழுத்துப் போட்டு, படியில் சொன்னபடி தன் பெயரையும் எழுதினாள். ஏழாவது படி பாக்கி இருந்தது.

"உங்க ஆட்சேபம் பதிவாயிடுச்சும்மா. விசாரணை முடியற வரைக்கும் உங்க மகனை யாரும் எங்கேயும் மாத்த முடியாது. நிம்மதியாப் போங்க."

"நல்லா இருங்கம்மா" என்றாள் அவள். "இத்தனை வருஷத்துல ஒரு ஆபீஸ்ல என்னை உட்காரச் சொன்னது நீங்கதாம்மா."

முப்பது பேரும் கை தட்டினார்கள். அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். கலர் பேனா ஓடி வந்து அவள் தோளைத் தொட்டு, பிரமாதம், பிரமாதம் என்று சொல்லி, ஒரு தண்ணீர் பாட்டிலையும் கையில் கொடுத்துக் கதவுவரை கொண்டுபோய் விட்டாள். பெரிய இடத்து மரியாதை இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனாள். மார்க் போட்டார்கள். பத்துக்குப் பத்து. மனு, பயிற்சித் தாள்கள் போடுகிற அட்டைப்பெட்டிக்குள் போயிற்று.

மூன்றே முக்காலுக்கு ஐந்தாம் நம்பர் தண்ணீர் பிடிக்க வராந்தாவுக்கு வந்தாள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, படியேறி மூச்சு வாங்க ஒருத்தி வந்து நின்றாள். நரைமுடி டோப்பா, கையில் தடி, முகத்தில் பென்சிலால் இழுத்த சுருக்கம், அக்குளில் ஒரு மனு. வழியில் பஸ் பழுதாகிவிட்டதாம், போனிலும் சார்ஜ் இல்லையாம், எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றாள் ஐந்தாம் நம்பர். ஐயோ, குழுவில் தெரிந்தால் திட்டுவார்களே, நான் வந்ததாகவே இருக்கட்டுமே, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள் நடிகை. சரி என்று தலையாட்டினாள் இவள். நடிகை டோப்பாவைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

தம்ளர் நிரம்பி வழிந்து கையை நனைத்தது. அப்படியானால் காலையில் வந்தவள் யார்?

யாரென்று புரிந்துவிட்டது. புரியாமல் இருக்க அவள் ஒன்றும் மக்கு இல்லை. மணி மூன்று ஐம்பது. ஐந்து மணிக்கு இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம் இருந்தது. பெட்டி உள்ளே மேடையில்தான் இருந்தது. கையை விட்டு எடுத்து, கீழே கொண்டுபோய்ப் பதிவேட்டில் ஏற்றி, நிஜ முத்திரை குத்தினால் தீர்ந்தது. நாலு நிமிஷ வேலை. உள்ளே போனாள். சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் எப்படிச் சொல்வது, இது முடியட்டும் என்று உட்கார்ந்தாள். சிறந்த பங்கேற்பாளர் என்று அவளையே கூப்பிட்டார்கள். போய் நின்றாள். அதிகாரி ஒரு பக்கம், கலர் பேனா ஒரு பக்கம், நடுவில் இவள், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவில் பார்த்தால் தெரியும், அவள் கண் பெட்டி மேல்தான் இருக்கிறது. வாய் மட்டும் திறக்கவில்லை.

முப்பது பேர் முன்னால் அதிகாரியைத் தலைகுனிய வைக்க வேண்டுமே என்ற தயக்கமா? அதுகூட இல்லை. தயங்குவதற்கும் உள்ளே ஏதாவது ஓடவேண்டும் இல்லையா? பல் பிடுங்குகிற இடத்தில் ஊசி போட்ட பிறகு உதடு எங்கே இருக்கிறது என்றே தெரியாதே, அப்படித்தான் இருந்தாள். நாலரை மணிக்குக் கலர் பேனா பெட்டியை டேப் போட்டு ஒட்டி வேனில் ஏற்றினாள். மதிப்பீட்டுக்குத் தலைமையிடத்துக்குப் போகிறது. வேன் கேட்டைத் தாண்டுவதை ஐந்தாம் நம்பர் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன அந்த வார்த்தையை அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் புருஷன் வழக்கம்போலக் கேட்டார். "ஒருத்தியை" என்றாள். "பரவாயில்லையே, பயிற்சி வேலை செய்யுதே" என்று அவர் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை கலர் பேனாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. வேறு ஊரில் பயிற்சி, பயிற்சி நேரத்தில் போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. அதிகாரியிடம் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கையில் மனு இருக்கிறதா என்றார். இல்லை. பதிவு எண் இருக்கிறதா என்றார். இல்லை. லீவு நாளாக இருந்தாலாவது கெடு அடுத்த நாளுக்குத் தள்ளும், நேற்று ஆபீஸ் திறந்துதானே இருந்தது என்றார். எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார். அவள் கீழே வந்து ஒரு தாளை எடுத்துத் தேதி போட்டாள். அதற்குள் டோக்கன்காரர்கள் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. தாளை டிராயருக்குள் வைத்தாள். இதோ இந்த ஊரிலேயே இருக்கிற காப்பகத்துக்கு ஒரு போன் போட்டு, இந்தப் பையனை மட்டும் ஏற்றாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். பத்து விரலும் நன்றாகத்தான் இருந்தது. போடவில்லையே! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் வண்டி வந்தது. பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை கலர் பேனாவே கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டு, ஐயோ ஐயோ என்றாள். பிறகு மனுவை உடனே கூரியரில் அனுப்புவதாகச் சொன்னாள். வைப்பதற்கு முன், இது எல்லாருக்கும் ஒரு பாடம், பேர் எதுவும் போடாமல் அடுத்த பயிற்சியில் இதை உதாரணமாகச் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். சொல்லுங்கள் என்றாள் ஐந்தாம் நம்பர். செவ்வாய்க்கிழமை கூரியர் வந்தது. மனுவை எடுத்து டிராயரில் அந்தத் தேதி போட்ட தாளுக்கு மேலே வைத்தாள்.

புதன்கிழமை காலை டோக்கன் நாற்பத்தொன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீசல் வாடை. நிமிர்ந்தாள். அவள்தான். ஐந்தாம் நம்பர் தன்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டாள். முதல் படி.

"எந்திரிக்க வேண்டாம்மா" என்றாள் அந்த அம்மா. "உட்காருங்க. அன்னிக்கும் எந்திரிச்சீங்க."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரசீதை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் சந்து வழியாகத் தள்ளினாள். எட்டாக மடித்து மடித்து, நைந்து போயிருந்தது. ஊதா முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. இதைக் காப்பகத்தில் காட்டியபோதுதான் ஒருவர் அதில் இருப்பதைப் படித்துச் சொன்னாராம். பயிற்சிக்கு மட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அவரையே கேட்டாளாம். விளையாட்டுக்கு என்று சொன்னாராம்.

சனிக்கிழமை ஓடி வந்தாளாம், ஆபீஸ் மூடல். திங்கட்கிழமை வந்து, ரசீதில் இருக்கிற பெயரைச் சொல்லி, இந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று வாசலில் கேட்டாளாம். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று வாட்ச்மேன் சத்தியமே செய்திருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. வாட்ச்மேன் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்ததெல்லாம் அஞ்சம்மா. இருபது அடி தள்ளி, இந்தக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு வேறு வழியில்லாமல் டோக்கன் எடுத்து வரிசையில் வந்தவளுக்கு முகம் அகப்பட்டது.

"நாலு நாளா அவன் சாப்பிடலைம்மா. குளுக்கோஸ் ஏத்தறாங்களாம், ஊசியைப் பிடுங்கறானாம், கையைக் கட்டிப் போட்டிருக்காங்களாம். கையெழுத்துப் போட வரச் சொல்றாங்க." கண்ணாடியை ஒட்டி வந்தாள். "கரண்டியைப் பத்தி நான் உங்ககிட்டே சொன்னேனே. நீங்ககூடத் திருப்பிச் சொன்னீங்களே."

சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். அதற்குத்தான் பத்துக்குப் பத்து.

ஐந்தாம் நம்பர் போனை எடுத்தாள். பட்டியலில் அந்தத் தொலைதூரக் காப்பகத்தின் எண்ணைத் தேடி அழைத்தாள். யாரோ ஒரு ஆள் எடுத்தார். சாப்பிடாத பையனைப் பற்றி என்றதும், அவன் பெரிய ரோதனையம்மா என்று ஆரம்பித்தார். அவள் குறுக்கே பேசினாள். கிண்ணத்து ஓரத்தில் கரண்டியால் இரண்டு தடவை தட்ட வேண்டும் என்றாள். அவருக்கு விளங்கவில்லை, என்னம்மா தட்டுவது என்றார். மேஜையில் இருந்த எவர்சில்வர் தம்ளரை எடுத்து, பேனாவால் அதன் ஓரத்தில் தட்டிக் காட்டினாள். டக், டக். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் கழுவுகிற அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை ஆட்டினாள், இன்னும் கொஞ்சம் மெதுவாக என்று கையால் காட்டினாள். இவள் மறுபடி தட்டினாள். சமையல்காரரிடம் சொல்லிப் பார்க்கிறேன், நம்பரைக் கொடுங்கள், யாரைக் கேட்பது என்றார் அவர். பெயரைச் சொன்னாள்.

பிறகு பதிவேட்டைப் பிரித்தாள். தினமும் கடைசியில் சிவப்புக் கோடு போட்டுப் பக்கத்தை முடிப்பது வழக்கம். போன வியாழக்கிழமைப் பக்கத்தில் கோடும் இல்லை, எழுத்தும் இல்லை, வெறும் தேதி. அங்கே முதல் வரியில் எழுதினாள். ஆட்சேப மனு பெறப்பட்டது, நேரம் காலை பதினொன்று. பெற்றவர் என்ற கட்டத்தில் வழக்கமாக ஒரு சுழி போடுவாள். இன்றைக்கு முழுப் பெயரையும் எழுதினாள். குறிப்பு என்ற கட்டத்தில், நிஜ மனுவைப் பயிற்சி மனு என்று நினைத்துப் பெட்டியில் போட்டேன், தவறு என்னுடையது, பதிவு இன்று செய்யப்பட்டது என்று எழுதி, இன்றைய தேதியும் போட்டாள். இதனால் வேலைக்கு ஆபத்து வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினாள்.

மாடிக்குப் போய் பதிவேடு, மனு, ரசீது மூன்றையும் அதிகாரி மேஜையில் வைத்தாள். அவர் குறிப்பைப் படித்தார், இரண்டாம் தடவையும் படித்தார். இதை எதற்கு எழுதினீர்கள், என்னையும் சேர்த்து மாட்டி விடுகிறீர்களே என்றார். பையனைத் திரும்பக் கொண்டுவர உத்தரவு வேண்டும் என்றாள். அவ்வளவு சுலபமா, யோசிக்க வேண்டும், அந்த அம்மாவை நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

அவள் இறங்கி வந்தாள். ஜன்னலுக்குப் போய் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். கோபம் இல்லை, அழுகை இல்லை.

"நாளைக்கு வரணுமாம்மா?"

அப்போதுதான் வலித்தது. எங்கே என்று சொல்ல முடியாது, கட்டைவிரலில் தொடங்கி நெஞ்சுவரை வலித்தது. பல்லுக்குப் போட்ட ஊசியின் வேகம் இறங்கினால் வலி ஒரேயடியாக வருமே, அப்படி. பத்தொன்பது வருஷத்து நாளைக்கு வாங்கவும் சேர்ந்து வலித்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்மா. எங்கேயும் போகாதீங்க."

"சேவை இல்லை" அட்டையை எடுத்து ஜன்னலில் மாட்டினாள். வரிசை முணுமுணுத்தது. பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். வந்து மனுதாரர் பெஞ்சில் அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சிலிருந்து அவள் தன் ஜன்னலைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் வெளிச்சம் அடித்து உள்ளே இருக்கிறவர் முகமே தெரியாது, ஒரு கையும் ஒரு முத்திரையும்தான் தெரியும். அதிகாரி ஆள் அனுப்பினார், போகவில்லை. இண்டர்காம் உள்ளே அடித்து அடித்து ஓய்ந்தது. டீக்காரர், "அஞ்சுக்கு இங்கேயா?" என்று திகைத்தார். இங்கேதான், ரெண்டு டீ என்றாள். அந்த அம்மா தம்ளரைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

இரண்டு மணி வாக்கில் வாட்ச்மேன் ஓடி வந்தார். வந்தவர் வாயில் அஞ்சம்மா என்று வரப் பார்த்தது, விழுங்கிக்கொண்டு, அதற்குள் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட அவள் பெயரைச் சொன்னார். காப்பகத்திலிருந்து போன். அவள் போய்க் கேட்டுவிட்டு வந்து நின்றாள்.

"மூணு கரண்டி சாப்பிட்டிருக்கான். ரெண்டாவது தட்டுக்கே வாயைத் திறந்துட்டானாம். கட்டை அவிழ்த்துட்டாங்க."

அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

நாலே முக்காலுக்கு அதிகாரி தானே இறங்கி வந்தார். வரிசையில் பாக்கி இருந்த இருபது பேரும் எழுந்து அவரைப் பார்த்தார்கள். உத்தரவைக் கையில் கொடுத்தார். வண்டி ஒன்பது நாள் கழித்துத்தான், அதுவரை அம்மா அங்கே போய்த் தங்கிக்கொள்ள ஒரு கடிதமும் இருந்தது. ஐந்தாம் நம்பருக்குத் தனியாக ஒரு கவர். விளக்கம் கேட்டு மெமோ. அதை அவள் பிரிக்கவில்லை.

அந்த அம்மா உத்தரவை வாங்கி, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒரு ஆளிடம் நீட்டி, இதில் என்ன போட்டிருக்கிறது, படியுங்கள் என்றாள். அவர் படித்துச் சொன்னார். நிஜ முத்திரைதானா என்றாள். நிஜம்தான் என்றார் அவர். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, ஐந்தாம் நம்பர் பக்கம் திரும்பாமல் வாசலைத் தாண்டி டெப்போ பக்கம் நடந்தாள்.

வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை. "நாள் பூரா கூட உட்கார்ந்தீங்க. ஒரு வார்த்தை நன்றி சொல்லாம போகுது பாருங்க."

"போன வாரமே சொல்லிட்டாங்க" என்றாள் அவள். "அதைத்தான் நான் திருப்பிக் கொடுக்க முடியலை."

உள்ளே போய் அட்டையைக் கழற்றினாள். ஐந்தாக இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அடுத்த டோக்கன் நாற்பத்திரண்டு. காலையிலிருந்து காத்திருந்த ஒரு கிழவர் கண்ணாடி முன்னால் வந்து நின்றார். அவள் எழுந்தாள்.